எலும்பு எக்ஸ்ரே மகனைக் காப்பாற்றுமா?

விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒரு தகப்பனார் நாலு பக்கம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இது: பத்து மாதத்துக்கு முன் கோவில் கொடையில் நடந்த தகராறில் மகன் உடைந்த பாட்டிலால் பங்காளி வீட்டுப் பையனின் முன்னங்கையைக் கிழித்துவிட்டான். ஏழு தையல், கொலை முயற்சி வழக்கு. டி.சி.படி அன்று வயது 18 வருடம் 2 மாதம். ஆனால் அக்காவோடு சேர்த்துப் பள்ளிக்கு அனுப்ப ஒரு வயது கூட்டிச் சொன்னார்களாம். ஒன்பதாவதோடு நின்றுவிட்டான், வீட்டுப் பிரசவம், பிறப்புச் சான்று இல்லை. தனியார் ஸ்கேன் சென்டர் எக்ஸ்ரே 17–18 என்கிறது. எக்ஸ்ரேயை ஒப்பிட்டு எலும்பின் வயது சொல்லும் படப் புத்தகத்துக்கு அட்லஸ் என்று பேர். 'அந்த அட்லஸ் அமெரிக்கப் பிள்ளைகளை வைத்துப் போட்டது, கஞ்சி குடித்து வளர்ந்தவனை அதோடு ஒப்பிடலாமா' என்று வாதாட நினைக்கிறார்.

ஐயா, யார் முதலில் கை ஓங்கியது, எஸ்.ஐ. யாருக்குச் சொந்தக்காரர் என்பதெல்லாம் இருக்கட்டும். சம்பவ நாளில் 18 நிறைந்துவிட்டதா (நிறையவில்லை என்றால் சட்டப்படி அவன் இளம் சிறார்), அதை எது சொல்லும், அவ்வளவுதான் கேள்வி. இளைஞர் நீதிச் சட்டம் 94-வது பிரிவில் பள்ளியின் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதலில், அப்புறம் உள்ளாட்சிப் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புப் பரிசோதனை. வெறும் டி.சி. இந்தப் பிரிவுக்குப் போதாது என்று 2023-இல் யுவபிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, உங்களுக்கு வழி திறப்பது அங்கேதான். தனியார் எக்ஸ்ரேயை மறந்துவிடுங்கள், உத்தரவின் பேரில் எடுப்பதுதான் செல்லும்.

அமெரிக்க அட்லஸ் வாதம் உண்மைதான். கிரூலிக்–பைல் அட்லஸ் கிளீவ்லாந்தின் வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளின் கைகளை வைத்து 1950-இல் வந்தது. ஆனால் சத்துக் குறைந்தால் எலும்பு மெதுவாக முதிரும். கஞ்சி குடித்து வளர்ந்தவன் என்று நீங்கள் சொன்ன அடுத்த நிமிடம் அரசு வக்கீல் எழுந்து, 'அப்படியானால் எக்ஸ்ரே காட்டுவதைவிட நிஜ வயது அதிகம்' என்பார். உங்கள் வாயாலேயே மகனுக்கு ஒரு வயது கூடிவிடும்! மாறாக, ஆசியப் பையன்களுக்கு வளரிளம் பருவத்தில் எலும்பு முந்திக்கொள்கிறது என்று லாஸ் ஏஞ்சலஸ் ஆய்வு ஒன்றும் உண்டு, ஆனால் அதில் உங்கள் ஊர்ப் பிள்ளைகள் இல்லை. இதையெல்லாம் தாண்டிப் போனால், நான் ஒருமுறை பட்ட மாதிரி, கூண்டில் நிற்கும் டாக்டர் 'நான் அட்லஸைத் திறக்கவே இல்லை, 1937-இல் கால்ஸ்டன் வங்காளத்துப் பிள்ளைகளை வைத்துப் போட்ட அட்டவணையைப் பார்த்தேன்' என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுவார். நீங்கள் பிடிக்கவேண்டியது உச்ச நீதிமன்றத்தின் 1982 ஜெயமாலா தீர்ப்பை, எலும்பு வயது இரண்டு வருடம் முன்னே பின்னே போகலாம் என்றது அது.

இப்போது நான் பயப்படுகிற இடம். இளம் சிறார் என்ற கோரிக்கையை எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம் என்று 9-வது பிரிவு சொல்கிறது, அதை நம்பி ஆட்கள் துருப்புச் சீட்டு மாதிரி ஒளித்து வைத்துக்கொள்கிறார்கள். என்னிடம் வந்த ஒருவர் தண்டனை ஆன பிறகு, நாலு வருடம் கழித்து எக்ஸ்ரே கவருடன் வந்தார். மணிக்கட்டுக்கு மேலே, எலும்பின் நுனிக்கும் தண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய கறுப்புக் கோடு இருக்கும், வளரும் எலும்பின் அடையாளம். அவர் படத்தில் அது இல்லை, முழுக்க மூடிவிட்டது, அறிக்கை '20-க்கு மேல்' என்றது. அதை வைத்து நாலு வருடம் பின்னால் போய் 18-க்குக் கீழே என்று எப்படி நிரூபிப்பது? சட்டம் காத்திருக்கும், எலும்பு காத்திருக்காது. உங்களுக்கு ஏற்கனவே பத்து மாதம் போய்விட்டது, இந்த வாரமே மனு போடுங்கள்.

இன்னொன்று, பின்குறிப்பில் 'தாலுகா ஆபீஸில் ஆள் இருக்கிறார், பிறப்புச் சான்று வாங்கிவிடலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். எஃப்.ஐ.ஆருக்குப் பிறகு தாமதப் பதிவில் வாங்கிய சான்றை எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் உடைத்துவிடும், தேதி பொய் என்றால் ஆவணப் பொய்க்கு உங்கள் மேலேயே வழக்கு வரும். அதைவிடப் பள்ளி அட்மிஷன் ரெஜிஸ்டரை வரவழைத்து, தேதியை யார் எதை வைத்து எழுதினார்கள் என்று தலைமையாசிரியரிடம் கேட்கவைத்து, வயதைக் கூட்டிச் சொன்னதை உங்கள் மனைவி சாட்சியம் சொல்வது நல்லது, வெட்கமாக இருந்தாலும்.

சரி, வெளிப்படையாகச் சொல்கிறேன். வெட்டுப்பட்டவன் பங்காளி மகன், ஏழு தையல்தான், விரல் ஏதும் போகவில்லை. மருத்துவச் செலவைக் கொடுத்து, ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடியுங்கள். கொலை முயற்சிப் பிரிவு ஸ்டேஷனில் சமரசம் ஆகாது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 528-வது பிரிவின் கீழ், வழக்கை ரத்து செய்யக் கோரும் மனுதான் போட வேண்டும், காயத்தின் தன்மையைப் பார்த்துத்தான் நீதிபதி முடிவெடுப்பார். அதுவரை வயது மனுவை வாபஸ் வாங்காதீர்கள், பேச்சு முறிந்தால் அதுதான் கையில் இருக்கும்.