பட்டறைப் பக்கம்: 3 மில்லியா, 6 மில்லியா?

கேள்வி: வணக்கம் அண்ணே. சுங்கை சிப்புட் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் உரம் போடும் ஒப்பந்த வேலை செய்கிறேன். வண்டி டபுள் கேப் ஹைலக்ஸ். போன மாதம் மறுநடவுக் காட்டில், லாலான் புல்லுக்குள் மறைந்திருந்த பழைய பால்மரத்து அடிக்கட்டையில் வண்டி உட்கார்ந்துவிட்டது. கதவுக்குக் கீழே ஓடும் தகடு மேலே மடங்கி, பின்கதவு உரசுகிறது. அந்தத் தகட்டைக் காக்க, கதவுக்குக் கீழே நீளவாக்கில் மாட்டும் இரும்புச் சட்டமான ராக் ஸ்லைடர் போடலாம் என்று இருக்கிறேன். வெல்டிங் கடையில் 6 மில்லி (மில்லிமீட்டர்) தடிமன் இரும்புதான் தாங்கும் என்கிறார்கள். மச்சானோ 3 மில்லி போதும், வண்டியின் எடை ஏறிவிடும் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: தம்பி, மில்லிக் கணக்குக்கு முன்னால் அவர்கள் இரண்டு பேரும் ஒன்றைக் கேட்டிருக்க வேண்டும். போடப்போவது தட்டைத் தகடா, உள்ளே வெற்றிடமான நீள்சதுரக் குழாயா, அதாவது ஹாலோவா?

தட்டைத் தகடு என்றால் 6 மில்லிகூட இந்த வேலைக்கு ஆகாது. 150 மில்லி அகலமுள்ள 6 மில்லித் தகடு மீட்டருக்கு 7 கிலோ வரும். 100 மில்லிக்கு 50 மில்லி ஹாலோ, 3 மில்லிச் சுவர், அதுவும் மீட்டருக்கு 7 கிலோவுக்குள்தான். எடை ஒன்றே. ஆனால் கீழிருந்து குத்து விழும்போது வளையாமல் நிற்பதில் ஹாலோ நூறு மடங்குக்கும் மேல். இரும்பு நடுவை விட்டு மேலும் கீழுமாகத் தள்ளி நிற்பதால் வரும் பலம் அது. ஆகவே ஹாலோதான்.

உங்கள் வண்டிக்கு ஒரு பக்கம் 1.8 மீட்டர் என்று வையுங்கள். இரண்டு பக்கமும் சேர்த்து 3 மில்லியில் 24 கிலோ, 4 மில்லியில் 31 கிலோ, 6 மில்லியில் 44 கிலோ வரும், ஸ்லைடரை வண்டியின் அடிச்சட்டமான சேசியோடு இணைக்கும் கால்கள் தனி. 4க்கும் 6க்கும் வித்தியாசம் 13 கிலோ, நீங்கள் ஏற்றும் 50 கிலோ உர மூட்டையில் கால்வாசி. அதுவும் இரண்டு அச்சுக்கும் நடுவில், தாழ்வாக உட்காருகிற எடை. மச்சான் பயப்படுகிற அளவுக்கு ஒன்றுமில்லை.

அப்படியானால் 6 மில்லியே போடலாமே என்பீர்கள். பல வருடங்களுக்கு முன் என் உறவுக்கார அண்ணன் ஒருவருக்கு நான் அப்படித்தான் செய்து கொடுத்தேன். பக்கத்துக்கு மூன்றே கால்கள், நேராகச் சேசியில் பற்றவைத்தது. ஒரு மழைநாளில் அல்லூற்று (வடிகால்) பாலத்தின் சிமெண்டு விளிம்பில் வண்டி வழுக்கி இறங்கியது. ஸ்லைடரில் பெயிண்டு மட்டும்தான் போயிருந்தது. கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், நடுக்காலின் வெல்டிங் ஓரமாகச் சேசி விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது, கிழிசலின் வாயில் செம்மண் அப்பியிருந்தது. வண்டி இரண்டு வாரம் என் பட்டறையில் நின்றது, அவருக்கு அந்த இரண்டு வார வருமானம் போனது. தவறு என்னுடையது. வளையாத இரும்பு அடியை அப்படியே காலுக்குத் தள்ளிவிடும். கால் அதைச் சேசியில் பரப்பிவிட வேண்டும்.

ஆகவே உங்களுக்கு 4 மில்லி ஹாலோ போடச் சொல்வேன். கட்டை முனையோ கல்லோ ஓரிடத்தில் குத்தும்போது சுவர் நசுங்காமல் நிற்பதில் 4 மில்லி 3ஐவிட ஒன்றே முக்கால் மடங்கு. ஜிம்னி போன்ற லேசான வண்டிக்கு 3 மில்லியே போதும். ஆற்றுப் பாறையில் வண்டியையே ஸ்லைடர் மேல் இழுக்கிறவர்களுக்கு 6 மில்லி தேவைப்படலாம். நீங்கள் அந்த வேலை செய்யவில்லை.

மிச்சப்படும் இரும்பைக் காலில் போடுங்கள். பக்கத்துக்கு நான்கு கால், ஒவ்வொன்றின் அடியிலும் 5 மில்லித் தகட்டில் கையகலத்துக்கு ஒரு பாதம், மூலைகளை வட்டமாக உருட்டியது. பாதத்தைச் சேசியின் நீளவாக்கில் பற்றவையுங்கள். மேலிருந்து கீழாகக் குறுக்கே ஓடும் வெல்டிங்கில்தான் விரிசல் பிடிக்கும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, சேசியின் உட்பக்கம் பிரேக் பைப்பும் எண்ணெய்ப் பைப்பும் எங்கே ஓடுகின்றன என்று பார்த்த பிறகே தீ வையுங்கள்.

வண்டியின் பாடி, சேசியில் உள்ள ரப்பரின் மேல் உட்கார்ந்து ஆடுவது, அதனால் ஸ்லைடருக்கும் பாடிக்கும் நடுவே இரண்டு விரல் இடம் விடுங்கள். ஹாலோவின் இரு முனையையும் அடைத்து, அடியில் தண்ணீர் வடிய ஓட்டை போடுங்கள். உரத்தூளும் மழையும் சேர்ந்தால் இரும்பு உள்ளிருந்தே கரையும். செய்வதற்கு முன் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முதல் வேலை அந்த மடங்கிய தகடு. பின்கதவைச் சாத்தி, சுற்றியுள்ள இடைவெளியில் ஒரு அட்டையை ஓட்டிப் பாருங்கள். கீழே மட்டும் இடித்தால் தகட்டை இழுத்து நிமிர்த்தினால் போதும். மேலேயும் இடைவெளி கோணலாக இருந்தால் கதவுத் தூண் நகர்ந்திருக்கும். அப்போது வண்டி முதலில் பாடி வேலை செய்கிறவரிடம் போகட்டும், ஸ்லைடர் பிறகு.