கார்ட் இருக்கிறது, நாள் போதாது: அம்மாவைக் கனடாவுக்குள் விடுவார்களா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. 2016இல் எங்கள் ஸ்பொன்சரில் வந்து கனடாவில் நிரந்தர வதிவிட உரிமை பெற்றவர். நோயில் கிடந்த அம்மம்மாவைப் பார்க்க யாழ்ப்பாணம் போய் மூன்று வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. அம்மம்மா போன மாதம் காலமானார். அம்மாவின் பிஆர் கார்ட் (நிரந்தர வதிவிட அட்டை) இன்னும் மூன்று மாதம் செல்லும். “கனடாவில் இருக்க வேண்டிய நாள் காணாது, ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள், முதலில் பயண ஆவணத்துக்குப் போடு” என்கிறார்கள். என்ன செய்யலாம்? அப்பா இல்லை. (ஸ்காபரோ வாசகர்)

பதில்: பயண ஆவணத்துக்கு (செல்லுபடியாகும் கார்ட் இல்லாமல் வெளிநாட்டில் நிற்கும் நிரந்தர வதிவாளர் திரும்பி வர எடுப்பது) போட வேண்டாம். டிக்கெட் போடுங்கள், அதுவும் இந்த மாதமே.

குடிவரவுச் சட்டத்தின் 19ஆம் பிரிவு தெளிவானது. வந்து நிற்பவர் நிரந்தர வதிவாளர் என்று அதிகாரிக்குத் திருப்தி ஏற்பட்டால் அவரை உள்ளே விட்டே ஆக வேண்டும். ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருக்கவில்லை என்பதற்காக அந்த உரிமை தானாகக் கழன்று போவதில்லை. அது போவதற்கு ஒரு முடிவு எடுக்கப்பட்டு, அதன் மீதான மேன்முறையீடும் தீர வேண்டும். அதுவரை அவர் நிரந்தர வதிவாளர்தான்.

கார்டின் அருமை கனடாவுக்கு வெளியே நிற்கும்போதுதான் தெரியும். கார்ட் கையில் இருந்தால் உரிமை உண்டு என்றும், வெளிநாட்டில் கார்ட் இல்லாமல் நின்றால் இல்லை என்றும் சட்டம் அனுமானித்துக்கொள்கிறது. கட்டுநாயக்கவில் விமான நிறுவனத்தார் பார்ப்பது கார்டின் காலாவதித் திகதியை. நாட்களை அவர்கள் எண்ணுவதில்லை. பயண ஆவணத்துக்கு 50 டொலர் கட்டி விண்ணப்பித்தால், எண்ணச் சொல்லி நீங்களே கொடுத்ததாகிவிடும். மறுத்தால் 60 நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம், ஆனால் அம்மா ஊரில் இருந்துகொண்டே வழக்கை நடத்த வேண்டிவரும்.

கணக்கைப் பார்ப்போம். ஐந்து வருடம் 1,826 நாள். அம்மா வெளியே இருந்தது ஏறக்குறைய 1,157. மீதி 669, குறைவது 61. அதிகாரி திரும்பிப் பார்ப்பது அம்மா வந்திறங்கும் நாளுக்கு முந்தைய ஐந்து வருடத்தை. ஆகவே பிந்தும் ஒவ்வொரு நாளும் பழைய கனடா நாள் ஒன்றைத் தின்னும்: இன்று 61, அடுத்த மாதம் 91. “பிள்ளை கனேடியக் குடிமகன்தானே, அந்த நாட்களும் சேரும்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குடியுரிமை உள்ள கணவன் அல்லது மனைவியுடன் வெளிநாட்டில் வாழ்ந்த நாட்கள் சேரும். பெற்றோருடன் வாழ்ந்த சிறுபிள்ளைக்கும் சேரும். பிள்ளையைச் சாட்டித் தாய்க்குச் சேராது.

பியர்சனில் அம்மாவைத் தனியே கூப்பிட்டு விசாரிக்கக்கூடும். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே கேட்கட்டும்; அரைகுறை ஆங்கிலத்தில் “ஓம்” போடுவதுதான் பலரைக் கவிழ்க்கிறது. அந்த விசாரணையில் வழக்கறிஞரைப் பக்கத்தில் வைத்திருக்கும் உரிமை இல்லை (தடுத்து வைத்தால் மட்டும் உண்டு). ஆகவே சொல்ல வேண்டியது கடதாசியில் இருக்கட்டும். அம்மம்மாவின் வைத்தியசாலைக் குறிப்புகள், ஆங்கில மொழிபெயர்ப்போடு மரணச் சான்றிதழ், முன்பு போட்டு இரத்துச் செய்த டிக்கெட் இருந்தால் அது, ஏன் போனார், ஏன் தங்கினார், காரியம் முடிந்ததும் எப்படி உடனே புறப்பட்டார் என்று ஒரு பக்கக் கடிதம். பேரப்பிள்ளைகளை அம்மாதான் பார்த்தவர் என்றால் அதையும் எழுதுங்கள். மனிதாபிமானக் காரணங்களையும் பிள்ளைகளின் நலனையும் கருதும்படி 28ஆம் பிரிவே சொல்கிறது. திகதிகளில் விளையாட வேண்டாம். கடவுச்சீட்டில் முத்திரை இருக்கிறது, விமானத்தில் வெளியேறியவர்களின் விவரமும் இப்போது அவர்களிடம் இருக்கிறது. 61 நாள் குறைவை மன்னிக்கலாம். பொய் சொன்னால் அது தனிக் குற்றச்சாட்டு.

ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம். “உரிமையை விட்டுவிட்டு விசிட்டராக வாருங்கள், சுகம்” என்று ஒரு படிவம் நீட்டப்படலாம். அது தானாக முன்வந்து துறக்கும் விண்ணப்பம். களைத்துப்போய் நிற்பவர் எதிலும் கையெழுத்து வைத்துவிடுவார். வைத்து, அது ஏற்கப்பட்டால் மேன்முறையீடும் இல்லை. “வேண்டாம்” என்று சொன்னால் போதும். அதற்காக அவரைத் திருப்பி அனுப்ப முடியாது.

அதிகாரி திருப்திப்படாவிட்டால் 44ஆம் பிரிவின் கீழ் ரிப்போர்ட் எழுதுவார். அதன் பேரில் டிபார்ச்சர் ஓடர் (நாட்டை விட்டு வெளியேறும்படி உத்தரவு) வரலாம். பெயர் பயமுறுத்தும். ஆனாலும் அம்மா அன்றே வீட்டுக்கு வருவார். 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவில் முறையிட்டால் தீர்ப்பு வரும்வரை அந்த ஓடர் செயற்படாது, இடையில் ஒரு வருட பிஆர் கார்டும் எடுக்கலாம். ரிப்போர்ட் எழுதிய பிறகு இருக்கும் நாட்கள் 730இல் சேராது என்பதால், “பிறகு பார்ப்போம்” என்று அந்த 30 நாளை மட்டும் தவறவிடாதீர்கள்.

ஒன்றும் எழுதாமல் விட்டால்? 61 நாள் இருந்தால் கணக்கு நேராகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நேராகாது. புதிதாக ஒரு நாள் சேரும்போது மறுமுனையில் பழைய நாள் ஒன்று கழியும். 669 அப்படியே 669ஆக நிற்கும். பழைய கனடா நாட்கள் முழுதும் கழிந்த பிறகுதான் எண்ணிக்கை ஏறத் தொடங்கும். எனவே இறங்கிய நாளிலிருந்து முழு 730 நாளும் இருந்துவிட்டே கார்டைப் புதுப்பிக்கக் கொடுங்கள். நடுவில் கார்ட் காலாவதியானாலும் உரிமைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் கனடாவை விட்டு வெளியே போகாதீர்கள். அதுவரை யாரையும் ஸ்பொன்சர் செய்யவும் வேண்டாம். அந்தக் கோப்பு திறந்தால் இந்த நாட்களும் எண்ணப்படும்.

டோகா, துபாய் வழியாக டிக்கெட் எடுங்கள். அமெரிக்கா வழியாக என்றால் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அந்த நாட்டு விசாவும் தேவை.