நாளிதழில் வரும் தரமான சிறப்புக் கட்டுரையை எப்படி அடையாளம் காண்பது?

சிறப்புக் கட்டுரை என்பது, நடந்ததை அறிவிப்பதோடு நிற்காமல், அது ஏன் நடந்தது, யாரை எப்படிப் பாதித்தது என்பதைக் களத்தில் விசாரித்து எழுதுவதாகும். 2014 ஒக்டோபர் 29 அன்று இலங்கையின் பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தேயிலைத் தோட்டத்தில் மண்சரிவு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களைப் புதைத்தது என்பது செய்தி. 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தும் மக்கள் அங்கேயே வாழ நேர்ந்தது ஏன் என்பதைக் குடும்பங்களிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் அதிகாரிகளிடமும் கேட்டு எழுதுவது சிறப்புக் கட்டுரை. முற்றிய இலையை விட்டுக் கொழுந்தை மட்டும் கிள்ளுவதைப் போல, கேட்டவற்றுள் காரணத்தை விளங்கவைக்கும் விவரத்தை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். என் பார்வையில், முதலில் கவனிக்க வேண்டியது இந்தத் தேர்வைத்தான். இலங்கைப் பத்திரிகை ஆசிரியர் சங்கத்தின் விருதுகளிலும் இவ்வகை எழுத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. கண்ணீரை வரவழைக்கும் நடையே இதன் அளவுகோல் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல, பெயரும் திகதியும் எண்ணிக்கையும் சரிபார்க்கப்படாத கட்டுரை எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் இந்த வரிசையில் சேராது.