ரீச்சரிடம் கேளுங்கள்: அலுமாரியில் கிடக்கும் சங்கிலி

ஒக்டோபர் செபமாலை மாதம் என்பதாலோ என்னவோ, இந்த முறை வந்த கடிதங்கள் எல்லாம் மாதாவைச் சுற்றியே இருக்கின்றன. ஒன்றைத் தவிர மற்றவற்றுக்குச் சுருக்கமாகத்தான் எழுதியிருக்கிறேன். அந்த ஒன்றுக்கு இரண்டு இரவு போனது. வழமைபோல முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் சுவாமியாரும் அல்ல, கன்னியாஸ்திரியும் அல்ல. திருகோணமலையில் 31 வருடம் வாரநாளில் கணக்கும் ஞாயிற்றுக்கிழமையில் மறைக்கல்வியும் படிப்பித்த ஆள்.

கேள்வி: நாங்கள் சைவம். வெள்ளிக்கிழமைகளில் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போவோம். பாலையூற்று லூர்து மாதா கெபியிலும் (குகை மாதிரிக் கட்டிய கோயில்) மெழுகுதிரி ஏற்றுவோம். எங்களுக்கு இரண்டு பேரும் அம்மாதான். உங்களுக்கு மாதா கடவுளா?
— வாசகர், உவர்மலை

பதில்: இல்லை ஐயா. மாதா எங்களைப் போலப் படைக்கப்பட்ட ஒரு பெண். 431ஆம் ஆண்டு எபேசு பொதுச்சங்கம் அவரைக் "கடவுளின் தாய்" என்று அழைத்தது. ஆனால் ஆராதனை கடவுளுக்கு மட்டுமே என்பதை 787ஆம் ஆண்டு இரண்டாம் நிசேயாச் சங்கம் தெளிவாக வரையறுத்துவிட்டது. சுருபத்துக்குக் காட்டும் வணக்கம் சுருபத்தில் நிற்பதில்லை, அது யாரைக் குறிக்கிறதோ அவரிடம் போகிறது என்பதும் அதே சங்கம் சொன்னதுதான். நாங்கள் மாதாவிடம் "தாரும்" என்பதைவிட "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றுதான் அதிகம் கேட்கிறோம். அருள் நிறைந்த மரியே செபத்தின் முடிவைக் கேட்டுப் பாருங்கள், புரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1620களில் போர்த்துக்கேயர் உங்கள் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களால் கோட்டை கட்டினார்கள். அவர்கள் கையில் இருந்ததும் செபமாலைதான். அந்தக் கதை தெரிந்த ஊரில் நீங்கள் எங்கள் மாதாவுக்குத் திரி ஏற்றுகிறீர்கள் என்றால் எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருக்கிறது, நிறையச் சந்தோசமாகவும் இருக்கிறது. தாராளமாக வாருங்கள். கெபி வாசலில் யாரும் ஞானஸ்நானப் பத்திரம் கேட்பதில்லை.

கேள்வி: என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகிவிட்டன. அவர் சுகமானால் என்னுடைய இரண்டரைப் பவுண் சங்கிலியை லூர்து மாதாவுக்குப் போடுவதாக நேர்ந்தேன். ஒரு வருடம், சனிக்கிழமை தவறாமல் கெபிக்கு நடந்தே போனேன். போன மாசியில் அவர் போய்விட்டார். சங்கிலி அலுமாரியில் கிடக்கிறது. நேர்ந்ததைக் கொடுக்காவிட்டால் பிள்ளைகளுக்குக் கேடு வரும் என்கிறா மாமி. எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. செபமாலையைத் தொடவும் கை போகவில்லை. கடவுள் வாக்கு மாறமாட்டார் என்று பிரசங்கத்தில் சொல்கிறார்களே, அந்த வாக்கு யாருக்கு?
— வாசகி, பாலையூற்று

பதில்: தங்கச்சி, முதலில் சங்கிலியை முடித்துவிடுவோம். அது லேசான பகுதி.

நேர்த்தி என்பது கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கு. மாதாவின் பெயரில் நேர்ந்தாலும் அது அவரிடம்தான் போய்ச் சேருகிறது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் நேர்த்தியைப் பற்றித் தனியாகவே சில சட்டங்கள் உண்டு. அதில் 1194ஆம் சட்டத்தின்படி, எந்த நிபந்தனையை வைத்து நேர்ந்தோமோ அது நடக்காவிட்டால் நேர்த்தியும் இல்லாமல் போகிறது. நீங்கள் "சுகமானால்" என்று நேர்ந்தீர்கள். அவர் சுகமாகவில்லை. எனவே உங்களுக்குக் கடன் எதுவும் இல்லை. மனம் இன்னும் உறுத்தினால் பங்குத் தந்தையிடம் போங்கள். நேர்த்தியிலிருந்து விடுவிக்க அவருக்கே அதிகாரம் இருக்கிறது, ஆயர் இல்லம் வரை அலையத் தேவையில்லை. போகும்போது மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவவுக்கும் காதில் விழட்டும்.

இரண்டரைப் பவுணுக்காகப் பிள்ளைகளைப் பிடிக்கிற தாய் எவளையும் எனக்குத் தெரியாது. அந்தச் சங்கிலி உங்கள் பிள்ளைகளின் ரியூசன் காசு. நான் அப்படித்தான் பார்ப்பேன்.

இனிக் கஷ்டமான பகுதி.

1974 மார்கழியில், நத்தாருக்கு ஒன்பது நாள் இருக்க, எங்கள் அண்ணன் வள்ளத்தில் தொழிலுக்குப் போனார். வாடைக் காலம், போகவேண்டாம் என்று ஐயா மறித்தார். நத்தாருக்குச் சட்டைத் துணி எடுக்கவேணும் என்று போனார். மூன்றாம் நாள் வள்ளம் மூதூர்ப் பக்கம் கரை ஒதுங்கியது. அண்ணன் இல்லை. அவருக்கு 19 வயது, எனக்கு 11. அந்தச் சட்டைத் துணியில் ஒன்று எனக்கு என்பது பிறகுதான் தெரியும்.

அந்தச் சனிக்கிழமையிலிருந்து அம்மா பாலையூற்றுக் கெபிக்குப் போகத் தொடங்கினா. ஒரு மெழுகுதிரி, ஒரு செபமாலை. ஊரடங்கு போட்ட சனிக்கிழமைகளில் குசினியில் படத்துக்கு முன்னால் திரி எரியும். 2011இல் கண்ணை மூடும்வரை, 37 வருடம். அண்ணன் வரவில்லை. உடம்பும் வரவில்லை.

எனக்கு இருபது வயதிருக்கும்போது ஒருநாள் கோபத்தில் கேட்டுவிட்டேன்: "இத்தனை வருசமாக் கேக்கிறீங்களே அம்மா, மாதா என்னதான் சொன்னா?" அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. கையை நிறுத்தவில்லை. "நான் கேக்கிறதை விட்டுக் கனகாலம் பிள்ளை. அவவும் மகனைப் பறிகொடுத்தவதானே. சும்மா போய்ப் பக்கத்தில இருந்திட்டு வாறன்" என்றா.

அன்று எனக்கு அது பிடிக்கவேயில்லை. தோற்றுப்போன ஆளின் பேச்சு என்று நினைத்தேன்.

பிறகு ரீச்சர் வேலைக்கு வந்து, ஞாயிறு வகுப்பில் லூக்கா நற்செய்தியைப் பிள்ளைகளுக்கு வரி வரியாகச் சொல்லிக்கொடுக்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். வானதூதர் மரியாளுக்குக் கொடுத்த வாக்கு எவ்வளவு பெரியது! உன் பிள்ளைக்குத் தாவீதின் அரியணை, முடிவே இல்லாத ஆட்சி. சரி, பக்கத்தைப் புரட்டினால் பிள்ளை தீவனத் தொட்டியில் கிடக்கிறது. கோயிலுக்குக் கொண்டுபோனால், உன் உள்ளத்தை ஒரு வாள் ஊடுருவும் என்கிறார் சிமியோன் கிழவர். 12 வயதில் மூன்று நாள் பிள்ளையைக் காணவில்லை. கடைசியில் சிலுவை. அரியணை எங்கே? கணக்கு ரீச்சரான எனக்கு அந்த வரவு செலவு பொருந்தவில்லை. "ஆண்டவர் உமக்குச் சொன்னவை நிறைவேறும் என்று நம்பிய நீர் பேறுபெற்றவர்" என்று எலிசபெத்து மரியாளை வாழ்த்தியது, எதுவும் நிறைவேறிய பிறகு அல்ல. வயிறுகூட வெளியில் தெரியாத மாதத்தில்.

நீங்கள் நடந்து போனது லூர்து மாதாவிடம் என்பதால் இதையும் சொல்கிறேன். 1858இல் பிரான்சின் லூர்து ஊரில், பெப்ரவரி 11 முதல் ஜூலை 16 வரை, பெர்னதெத் என்ற 14 வயது ஏழைச் சிறுமிக்கு அவர் 18 தடவை காட்சி கொடுத்தார். அதில் மூன்றாம் தடவை ஒரு வாக்குக் கொடுத்தார்: உன்னை இந்த உலகத்தில் அல்ல, மறு உலகத்தில் மகிழ்ச்சியாக்குவேன் என்று வாக்களிக்கிறேன். அப்படியே நடந்தது. பெர்னதெத்துக்குச் சிறுவயதிலிருந்தே ஈழை. பிறகு எலும்பில் காசநோய். மடத்தில் கட்டிலோடு கிடந்து 1879இல், 35 வயதில் இறந்துபோனார். நோயாளிகள் தேடிப்போகும் லூர்து ஊற்றைத் தோண்டிய கையே அவருடையது. அந்தத் தண்ணீர் அவரைச் சுகமாக்கவில்லை. லூர்து நகருக்கு இதுவரை போனவர்கள் கோடிக்கணக்கு, திருச்சபை புதுமை என்று ஏற்றுக்கொண்ட குணமாதல்கள் 70 சொச்சம்தான். ஆகவே உங்கள் விசுவாசம் காணாது, அதனால்தான் அவர் சுகமாகவில்லை என்று யாராவது உங்கள் முகத்துக்கு நேரே சொன்னால், பெர்னதெத்தின் விசுவாசமும் காணாதா என்று திருப்பிக் கேளுங்கள். செத்த வீட்டில் அப்படிப் பேசுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பிளேன்ரீயைக் குடித்துக்கொண்டே சொல்வார்கள்.

அப்போ வாக்குத்தான் என்ன என்று கேட்பீர்கள். நான் பிடித்துக்கொண்டிருப்பது எசாயா 49ஆம் அதிகாரம் 15ஆம் வசனம். பால்குடிக்கும் பிள்ளையைத் தாய் மறப்பாளா, அவள் மறந்தாலும் நான் உன்னை மறக்கமாட்டேன் என்கிறார் கடவுள். தருவேன் என்று அந்த வசனத்தில் இல்லை, எவ்வளவு தேடினாலும் இல்லை. மறக்கமாட்டேன் என்பது மட்டும் இருக்கிறது. இது போதுமா என்றால், எனக்கே போதாத நாட்கள் உண்டு. அண்ணனின் பிறந்தநாளில் இன்றைக்கும் போதாது.

செபமாலைக்குக் கை போகவில்லையென்றால் விடுங்கள். பழைய ஆட்கள் கடைசியில் சொல்லும் "கிருபை தயாபத்துக்கு மாதாவாயிருக்கிற எங்கள் இராக்கினியே" என்ற மந்திரம் உங்களுக்கும் மனப்பாடமாக இருக்கும். "இந்தக் கண்ணீர்க் கணவாயிலே நின்று பிரலாபித்து அழுது" என்று அதில் ஒரு இடம் வரும். அந்த இடத்தில் அழலாம், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அதுவும் வாயில் வராவிட்டால் வெறுங்கையோடு வாருங்கள். சனிக்கிழமை பின்னேரம் நாலரை மணிக்கு நானும் கெபிப் பக்கம்தான் இருப்பேன். முடி நரைத்த, கறுப்புக் குடை வைத்திருக்கிற ஆள்.

கேள்வி: செபமாலை சொல்பவர்களுக்கு மாதா 15 வாக்குறுதிகள் கொடுத்திருக்கிறாவாம். இதை 12 பேருக்கு அனுப்பினால் மூன்று நாளில் நல்ல செய்தி வரும், அனுப்பாவிட்டால் கெட்டது நடக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. அனுப்பவா?
— வாசகி, நிலாவெளி

பதில்: வேண்டாம் பிள்ளை, அழித்துவிடு. அந்த 15 வாக்குறுதிகள் புனித தொமினிக்கின் பெயரோடும், 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆலன் தெ லா ரோஷ் என்ற தொமினிக்கன் துறவியின் பெயரோடும் வழிவழியாக வருபவை. தனிப்பட்ட வெளிப்படுத்தல் வகை. நம்ப விருப்பமானவர் நம்பலாம், நம்பாவிட்டால் பாவம் இல்லை. 12 பேர், மூன்று நாள் என்ற வாலை ஒட்டியது யாரோ வேலையில்லாத ஆள்.

கேள்வி: மாதா காப்பாற்றுவா என்கிறீர்கள். அப்படியானால் 2008இல் மடு மாதாவையே ஏன் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வந்தது?
— வாசகர், உப்புவெளி

பதில்: நல்ல கேள்வி தம்பி, கொஞ்சம் நக்கலாகக் கேட்டிருந்தாலும்.

2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது மன்னார் மடுக் கோயில் மாதாவின் சுருபத்தைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனார்கள். ஆகஸ்டில் மடுவுக்குத் திரும்பி வந்தது. அது முதல் ஓட்டமும் அல்ல. ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கரைத் துரத்தியபோது மாந்தையிலிருந்து காட்டுக்குள் ஓடிய குடும்பங்கள் தங்களோடு தூக்கிக்கொண்டு போன சுருபம்தான் அது. அதற்கும் முந்திய ஓட்டம் மத்தேயு நற்செய்தியில் இருக்கிறது, ஏரோதுக்குப் பயந்து கைக்குழந்தையோடு எகிப்துக்கு.

ஓடாமல் காப்பாற்றுவா என்று எந்த வேதத்திலும் எழுதியில்லை. கூடவே ஓடிய ஆள் அவர். இந்தக் கேள்வியை அகதி முகாமில் இருந்தவர்கள் யாரும் என்னிடம் கேட்டதில்லை. முகாம் பக்கமே போகாதவர்கள் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். நீங்கள் நாலாவதோ என்னவோ.

கேள்வி: என் மருமகன் வேறு சபைக்குப் போகிறார். வீட்டில் மாதா படத்தைக் கழற்றச் சொல்கிறார். வீடு மகளின் பெயரில்.
— வாசகி, கன்னியா

பதில்: படத்தை உங்கள் அறைக்குக் கொண்டுபோங்கள், சண்டை பிடிக்காதீர்கள். அவர் வேதம் வாசிக்கிறவர் என்றால், கானாவூர்க் கல்யாணத்தில் மாதா இயேசுவைக் காட்டி வேலைக்காரரிடம் சொன்னதை ஒருநாள் சேர்ந்து வாசியுங்கள்: "அவர் உங்களுக்குச் சொல்வதெல்லாம் செய்யுங்கள்." யோவான் 2:5. மாதா எங்களை யாரிடம் அனுப்புகிறா என்பது அந்த ஒரு வரியிலேயே இருக்கிறது. மருமகனும் அதை மறுக்கமாட்டார். மீன் குழம்பு வைத்த நாளாகப் பார்த்து வாசியுங்கள்.

கேள்வி: லூர்து மாதா ஏன் நீலப் பட்டி கட்டியிருக்கிறா? நான் ஆறாம் வகுப்பு.
— மாணவன், திருகோணமலை

பதில்: பெர்னதெத் அப்படித்தான் கண்டாராம் மகன்: வெள்ளை உடுப்பு, நீல இடைப்பட்டி, இரண்டு பாதத்திலும் ஒவ்வொரு மஞ்சள் ரோசாப்பூ. 1864இல் லூர்து குகையில் ஒரு பெரிய சிற்பி செய்த சுருபத்தை வைத்தார்கள், ஆனால் பெர்னதெத்துக்கு அது திருப்தியாக இருக்கவில்லை. தான் கண்ட மாதா மாதிரி இல்லையாம். உலகம் முழுவதும் அதையே பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள்; பெயின்ற் அடிக்கிறவர்கள் சில இடங்களில் ரோசாப்பூவை மறந்தும் விடுகிறார்கள். அடுத்த முறை பாலையூற்றுக்குப் போகும்போது முகத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடாதே, காலையும் பார். பூ இருக்கிறதா, என்ன நிறம் என்று எனக்கு எழுது.