மாப்பிள்ளையை உறிஞ்சும் மிட்ஜ்

கேள்வி: கொசுவைவிடச் சின்ன மிட்ஜ் பூச்சியில் 'புது இனம்' என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

பதில்: கண்ணால் முடியாது. செரட்டோபோகோனிடே குடும்பத்து மிட்ஜ் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான். நான் பூச்சியைக் கரைசலில் ஊறவைத்து, தலை, இறகு, வயிறு எல்லாவற்றையும் தனித்தனியாகக் கனடா பால்சம் பிசினில் பதித்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பேன். முதல் வருடம் ஊசி நடுங்கி எத்தனை கால்களை முறித்தேனோ!

இறகு நரம்புகள், உணர்கொம்புக் கணுக்களின் நீள விகிதம், தொடையில் முட்கள், நகங்கள், பெண் விந்தைச் சேமித்து வைக்கும் பைகள் ஒன்றா இரண்டா மூன்றா, ஆணின் பிறப்புறுப்பு: இவைதான் சாட்சி. முதலில் பேரினத்தைப் பிடிக்க வேண்டும். அப்புறம் அதிலுள்ள இனங்களின் பழைய விவரிப்புகளோடும் மூலமாதிரிகளோடும் (அந்தப் பெயர்களை வைத்தபோது அடிப்படையாகக் கொண்ட பூச்சிகள்) ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். அலுப்பூட்டும் பாதி வேலை இதுதான். டி.என்.ஏ. உதவும், ஆனால் பழைய மாதிரிகளில் அது பெரும்பாலும் சிதைந்திருக்கும்.

எதிலும் பொருந்தவில்லையா? சரி, பெயர் வைக்கலாம். 1999-க்குப் பிறகு வெளியாகும் இனப்பெயருக்குப் பெயர் தாங்கும் மாதிரியை, அதாவது அந்தப் பெயருக்கு நிரந்தரச் சாட்சியாக நிற்கும் பூச்சியை, சுட்டியே ஆக வேண்டும். வழக்கமாக ஒரே ஒரு பூச்சிதான், ஹோலோடைப். அது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கும் என்றும் எழுத வேண்டும்.

சில நேரம் சாட்சி தானாகவே வந்து சேரும். பூச்சிகளை வேட்டையாடும் மிட்ஜ் இனங்களில், ஆண்கள் கூட்டமாகப் பறக்கும் இடத்தில் பெண் புகுந்து ஒருவனைப் பிடித்து உறிஞ்சிவிடும். சில இனங்களில் இணை சேரும்போதே மாப்பிள்ளை இரையாகிவிடுவான். அவன் பிறப்புறுப்பு மட்டும் அவள் வயிற்றில் ஒட்டியிருக்கும். எனக்கு அது லாபம்: ஆண், பெண் இரண்டும் ஒரே இனம் என்பதற்குச் சாட்சி ஒரே ஸ்லைடில்!