கல் எடுத்த பிறகு சிவப்பாக வரும் சிறுநீர்: இன்னொரு ஸ்கேன் எதற்கு?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி கேட்கிறார். அவருடைய தம்பிக்கு 43 வயது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். முதுகில் துளை போட்டுக் கிட்னிக் கல்லை எடுத்தார்கள், நல்லபடியாக வீடு வந்தார். ஒன்பதாம் நாள் சிறுநீர் சிவப்பாக, கட்டி கட்டியாக வந்திருக்கிறது. அல்ட்ராசவுண்டில் ஒன்றும் இல்லை என்றார்கள். இரண்டு நாள் நின்றது, மறுபடி வந்தது. இப்போது டாக்டர் சி.டி. ஆஞ்சியோ, அதாவது நரம்பில் டை (படத்தில் இரத்தக் குழாயைக் காட்டும் மருந்து) போட்டு எடுக்கும் ஸ்கேன், எடுக்கச் சொல்கிறார். “ஆபரேஷனுக்கு முன்னாலேயே சி.டி. எடுத்தாச்சே, இன்னொன்று எதற்கு? டை போட்டால் கிட்னி கெடாதா? தம்பிக்கு நண்டு ஒத்துக்கொள்ளாது. காவடி வேண்டுதல் வேறு இருக்கிறது.”

பதிலுக்கு முன் ஒன்று. கட்டி அடைத்துச் சிறுநீர் வராமல் போனாலோ, தலை சுற்றி வியர்த்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். உடனே கேஷுவல்டிக்குப் போங்கள்.

சரி, உள்ளே என்ன நடந்திருக்கலாம்? இதயம் தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கிட்னிகளுக்குப் போகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவு. கல்லுக்கு வழி போடும்போது சின்னத் தமனி (இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் குழாய்) ஒன்றின் சுவரில் கீறல் விழலாம். அன்றைக்கு இரத்தம் உறைந்து அதை அடைத்துவிடும். சில நாளில் அந்த அடைப்பு இளகி, இரத்தம் வெளியே பிதுங்கி ஒரு பை போல நிற்கும். அதற்குச் சொந்தச் சுவர் கிடையாது, சுற்றியுள்ள சதைதான் தாங்குகிறது. இதைச் சூடோஅனியூரிசம் என்கிறோம். அது சிறுநீர்ப் பாதைக்குள் கசியும், உறையும், மறுபடி கசியும். ஒன்றிரண்டு வாரம் கழித்து விட்டு விட்டு இரத்தம் வந்தால் எனக்கு முதலில் இதன் மேல்தான் சந்தேகம் வரும்.

பழைய சி.டி. கல்லைத் தேடி எடுத்தது. அதற்கு டை தேவையில்லை, கல் தானாகவே வெள்ளையாகத் தெரியும். இரத்தக் குழாயோ டை இல்லாமல் பக்கத்துச் சதையோடு ஒரே சாம்பல் நிறமாகக் கலந்துவிடும். அதில் கசிவைத் தேடுவது, தண்ணீர் திறந்துவிடாத குழாயில் ஒழுகலைத் தேடுகிற மாதிரி. (சி.டி.யின் கணக்குக்கு அடிப்படை போட்டவர்களில் ஒருவர் நம் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த ஆலன் கார்மாக். 1956-இல் கேப்டவுன் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் பகுதிநேரம் வேலை பார்த்தபோது அவருக்கு வந்த யோசனை அது. 1979-இல் நோபல் கிடைத்தது.)

புதிய ஸ்கேனில் முக்கியம் நேரம். கை நரம்பில் டை போட்டுச் சுமார் 30 விநாடியில் தமனிகள் பளிச்சென்று தெரியும். அந்தப் பையும் பெருந்தமனி அளவுக்கே மின்னும். ஒன்றரை நிமிடத்தில் கிட்னி முழுக்க வெளுத்துவிடும், பை மங்கிவிடும். மங்காமல் பரவினால் இப்போதே இரத்தம் ஒழுகுகிறது என்று அர்த்தம். முதல் படத்திலேயே சிரையும் (இரத்தத்தைத் திரும்பக் கொண்டுபோகும் குழாய்) வழக்கத்தைவிடச் சீக்கிரம் வெளுத்திருந்தால் தமனியும் சிரையும் நேரடியாக இணைந்திருக்கலாம். ஐந்து, பத்து நிமிடம் கழித்து எடுக்கும் படம் சிறுநீர்க் கசிவுக்கு. தமனிப் படத்தை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்தால் சின்னப் பை கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால் ஸ்கேன் சீட்டில் ஆபரேஷன் தேதி, எந்தப் பக்கம், விட்டு விட்டு வரும் இரத்தம் மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதச் சொல்லுங்கள், கூச்சப்படாதீர்கள்.

அல்ட்ராசவுண்ட் வீண் என்று சொல்லமாட்டேன். இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளர் அல்ட்ராசவுண்டில் அந்தப் பை பாதி சிவப்பு, பாதி நீலமாகச் சுழல்வதைச் சில சமயம் பார்க்கலாம். ஆனால் “ஒன்றும் இல்லை” என்றால் “கண்ணில் படவில்லை” என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். சி.டி.க்கும் இதே கதைதான். இரத்தம் நிற்கவில்லையென்றால் தொடை அல்லது மணிக்கட்டுத் தமனி வழியாகக் கதீட்டர் என்ற மெல்லிய குழாயை விட்டுப் பார்ப்போம். அதில் ஒரு வசதி, ஓட்டையைக் கண்ட கையோடு சின்ன உலோகச் சுருள் (coil) வைத்து அடைத்துவிடலாம். கிட்னியின் தமனிக் கிளைகளுக்கு மாற்று வழி கிடையாது, ஆகவே அடைத்த இடத்துக்கு அப்பாலுள்ள துண்டு செத்துப்போகும். ஓட்டைக்கு எவ்வளவு நெருங்கிப் போய் அடைக்கிறோமோ அவ்வளவு குறைவான இழப்பு. இந்தச் சிகிச்சை எல்லா மருத்துவமனையிலும் இல்லை. வேறு இடத்துக்கு அனுப்பினால் ஸ்கேன் படங்கள் உள்ள டிஸ்க்கையும் ஆபரேஷன் குறிப்பையும் கையில் கொண்டுபோங்கள்.

டை பற்றி: கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே பார்ப்பார்கள். கிட்னி ஓரளவு நன்றாக வேலை செய்தால் பயம் மிகக் குறைவு, இரத்தப்போக்கை விட்டுவைப்பதுதான் பெரிய ஆபத்து. கிட்னி வடிகட்டும் அளவு (ரிப்போர்ட்டில் eGFR) 30-க்குக் கீழே இருந்தாலோ, கதீட்டர் வழியாகக் கிட்னித் தமனிக்கே டை போட்டாலோ மெட்ஃபார்மினை 48 மணி நேரம் நிறுத்திவைத்து, கிரியாட்டினினை மறுபடி பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்வோம். நண்டு அலர்ஜிக்குக் காரணம் நண்டிலுள்ள புரதம், அயோடின் இல்லை. டைக்கும் அதற்கும் தொடர்பில்லை. முன்பு எப்போதாவது டை போட்டு உடம்பு தடித்திருந்தால் அதை அவசியம் சொல்லுங்கள். ஊசி போட்டதும் உடம்பு சூடாகி, சிறுநீர் போய்விட்ட மாதிரி இருக்கும். அது பலருக்கும் வருவதுதான்.

காவடி? இரத்தம் நின்ற பிறகும் சில வாரம் பாரம் தூக்க வேண்டாம். எப்போது தூக்கலாம் என்பதை டாக்டரிடம் தைப்பூசத் தேதியைச் சொல்லியே கேளுங்கள். அது தவறினால் நம் ஊரில் சித்திராப் பருவக் காவடி இருக்கவே இருக்கிறது.