உறைந்த எண்ணெயும் செம்மண்ணும் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

சவர்க்காரம் இல்லாமலே களிமண் துகள் எண்ணெயையும் தண்ணீரையும் பிரியவிடாமல் வைத்திருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். தரம் 10 பிள்ளைகளோடு செய்து பார்த்தேன். தேயிலை மலையில் அள்ளிய செம்மண்ணைப் பீலித் தண்ணீரில் கரைத்து, தேங்காயெண்ணெய் ஊற்றி, போத்தலை ஐந்து நிமிடம் குலுக்கினோம். ஒரு கிழமையாகியும் எண்ணெய் படலமாகச் சேரவில்லை. வெள்ளை மணிகளாக மேலே நிற்கிறது. எல்லோரும் கைதட்டினார்கள். ஆனால் ஒரு பையன் மண் போடாமலும் ஒரு போத்தல் குலுக்கி வைத்திருந்தான். அதிலும் மணிகள்! அவனுக்கு என்ன சொல்வது?

– ஓர் ஆசிரியை, நுவரெலியா

அன்புள்ள டீச்சர்,

அந்தப் பையனுக்கு முதலில் ஒரு சபாஷ் சொல்லுங்கள். வகுப்பில் சரியாகப் பரிசோதனை செய்தவன் அவன் ஒருவன்தான்.

உங்கள் போத்தலில் எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பது மண் இல்லை, குளிர். தேங்காயெண்ணெய் 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். உங்கள் ஊரின் சராசரியோ 16 பாகைதான். லயத்தில் எங்கள் அம்மா காலையில் எண்ணெய்ப் போத்தலை அடுப்போரம் வைத்து, இளகும்வரை பொறுக்காமல் கரண்டிக் காம்பால் தோண்டித் தலையில் வைப்பார். அதே எண்ணெய்தான் நீங்கள் குலுக்கும்போதே குறுணையாகியிருக்கும். கட்டியான இரண்டு மணிகள் எங்கே ஒன்று சேரும்?

இரண்டு போத்தலையும் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் கால் மணி நேரம் வையுங்கள். மண் இல்லாதது இளகி ஒரே படலமாகிவிடும். மண் போட்டதில் கொஞ்சமாவது துளியாகவே நின்றால், அந்தக் கொஞ்சம் மண்ணின் வேலை.

அந்த வேலை என்ன? சவர்க்கார மூலக்கூறு எண்ணெயும் நீரும் தொடும் இடத்துக்கு வரும், போகும். துகள் அப்படியில்லை. ஒருமுறை அங்கே குந்திவிட்டால் அசையாது. அது மறைத்திருக்கும் அளவுக்கு எண்ணெயும் நீரும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கின்றன. துகளைப் பெயர்த்தால் அந்த இடம் மறுபடி திறக்கும், அதற்கு ஆற்றல் வேண்டும். எண்ணெயும் நீரும் சமமாக நனைக்கும், 10 நானோமீட்டர் ஆரமுள்ள துகளென்றால், வெப்பத்தால் மூலக்கூறுகள் ஓயாமல் அசைந்து முட்டுவது கொடுக்கக்கூடிய ஆற்றலைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு. அதனால் துளியைச் சுற்றி ஓடு கட்டினமாதிரி ஆகிவிடும். ஆனால் துகளை இரண்டும் ஓரளவாவது நனைக்க வேண்டும். தண்ணீரோடு மட்டும் ஒட்டும் மண் தண்ணீரிலேயே கிடக்கும். களிமண்ணுக்குத் தண்ணீர்ப் பக்கம்தான் சாய்வு அதிகம், ஆகவே பெரும்பாலும் நீருக்குள் எண்ணெய்த் துளிகளே கிடைக்கும்.

இதை இங்கிலாந்து விஞ்ஞானிகளான ராம்ஸ்டன் 1903இலும் பிக்கரிங் 1907இலும் எழுதினார்கள். துகள் பிடித்து வைக்கும் இந்தக் கலவைக்கு நிலைத்தது பிக்கரிங்கின் பெயர். அவருடைய அக்கறை பழமரங்களில் பூச்சிக்குத் தெளிக்கும் பாரஃபின் எண்ணெய்க் கலவையில். துகளாக அவர் பயன்படுத்தியவற்றில் செப்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் சேர்ந்து உண்டாகும் வீழ்படிவும் ஒன்று. 1946இல் தேயிலை இலைக்குப் பூஞ்சையால் கொப்புள நோய் வந்தபின் நம் தோட்டங்களில் தெளித்ததும் செம்பு மருந்துதான் என்பதை வகுப்பில் சொல்லுங்கள். சில வீடுகளில் தாத்தாமாருக்கு ஞாபகமிருக்கும்.

இனி மறுபடி செய்யும்போது நல்லெண்ணெய் எடுங்கள், அது உங்கள் குளிருக்கு உறையாது. மேல்மண் வேண்டாம். அதிலுள்ள மக்கிய இலைதழை தானே சவர்க்காரம்போல வேலை செய்து உங்களை ஏமாற்றும். பாதை வெட்டிய கரையின் உள்மண்ணை எடுத்துக் கரைத்து, மணலும் வண்டலும் அடியில் தங்க விடுங்கள். பொறுமை வேண்டும்: 2 மைக்ரோமீட்டர் துகள் 10 சென்ரிமீட்டர் இறங்கவே ஏறக்குறைய 8 மணி நேரம் ஆகும். மாலையில் கரைத்து வைத்துவிட்டு, காலையில் மேலே நிற்கும் கலங்கலை மட்டும் வடித்துக்கொள்ளுங்கள். ஒரு சிட்டிகை உப்பும் போடலாம். துகள்கள் ஒன்றோடொன்று லேசாகக் கோத்து ஓடு உறுதிப்படும்.

பால் ஏடுபோலத் துளிகள் மேலே ஏறினால் தோல்வி என்று குறிக்க வேண்டாம். ஏறுவது வேறு, உடைவது வேறு. மண் அதிகமாகப் பிடித்த துளி கீழேயும் போகும். துளிகள் சேர்ந்து தெளிந்த எண்ணெயாகப் பிரிந்தால்தான் உடைந்தது என்று எழுத வேண்டும்.

மண் போடாத போத்தலை இந்த முறையும் அந்தப் பையனிடமே கொடுங்கள்.